பயணப்படியில் சேராதவை

இலங்கையில் பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. இரண்டு கிழமை கழித்துச் சித்திரைப் புத்தாண்டு. கொழும்பே புது உடுப்பு வாங்கப் புறக்கோட்டைக்கு இறங்கும் அந்த நாட்களில் நாங்களும் அங்கேதான் நிற்போம். கடையின் முன்பக்கத்தில் அல்ல. பின்னாலுள்ள ஸ்டோரில், கையில் தாளும் பச்சைப் பேனையுமாக மூடை எண்ணிக்கொண்டு. கணக்காய்வு என்றால் ஏசி அறையும் லப்டொப்பும்தான் என்று நம்பி வருகிற பிள்ளைகளுக்கு முதல் மார்ச்சிலேயே தெளிந்துவிடும். சிலர் ஏப்ரலில் வரமாட்டார்கள்.

எனக்கோ அந்த மார்ச்தான் பிடித்துப்போனது. கந்தோரில் சொன்னால் சிரிக்கிறார்கள். லீவு போட்டுப் பாங்கொக், சிங்கப்பூர் போய் வந்தவர்கள் படம் காட்டும் மேசையில் நான் நாலாம் குறுக்குத் தெரு வெங்காயக் கிடங்கைப் பற்றிக் கதைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனாலும் என் கட்சி மாறவில்லை. ஊர் பார்க்கவென்று போகிறவளுக்கு அகப்படாத பலது, ஒரு வேலையாகப் போகிறவளுக்கு அகப்படும்.

இதை எனக்குச் சொல்லித்தந்ததும் இந்தத் தொழில்தான். சரக்கிருப்புப் பார்க்கப் போகும்போது எல்லாவற்றையும் நாங்கள் எண்ணுவதில்லை. எண்ணுவது கம்பனிக்காரர். நாங்கள் கூட நின்று, அங்கொன்று இங்கொன்றாக எடுத்துச் சரிபார்ப்போம். அதற்கு இரண்டு வழி. ஒன்று, தாளிலிருந்து தரைக்கு: பட்டியலில் 400 மூடை பருப்பு என்றிருந்தால், அந்த 400 தரையில் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது. இல்லாததை இருப்பதாக எழுதியிருந்தால் அதில் பிடிபடும். மற்றது, தரையிலிருந்து தாளுக்கு: ஸ்டோருக்குள் கண்ணில் பட்ட ஏதோவொன்றை எடுத்து, இது பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று தேடுவது. இருப்பதை எழுதாமல் விட்டிருந்தால் இதில்தான் தெரியவரும். புதிதாக வருகிறவர்கள் முதலாவதைப் பத்து நிமிடத்தில் பழகிவிடுவார்கள். இரண்டாவதற்குக் காலம் எடுக்கும். படிக்குக் கீழே, தார்ப்பாய்க்குப் பின்னால், உடைந்த தராசு கிடக்கும் மூலையில் எட்டிப் பார்க்கத் தோன்ற வேண்டும்.

சுற்றுலாப் போகிறவர்கள் செய்வது தாளிலிருந்து தரைக்கு. பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல். போய், இருக்கிறது என்று கண்டு, படமெடுத்து, சரி போட்டுத் திரும்புவது. அதிலொரு குற்றமுமில்லை. நானும் சீகிரியாவில் அப்படித்தான் ஏறி இறங்கினேன். ஆனால் சந்தோசத்தின் பெரும்பகுதி மற்ற வழியில் கிடைக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது: எந்தத் தாளிலும் ஏறாமல் தரையில் கிடப்பவற்றில்.

புறக்கோட்டையையே எடுங்கள். தெருவுக்கொரு வியாபாரம். செட்டியார் தெருவில் நகை, கெய்சர் வீதியில் துணி, டாம் வீதியில் சைக்கிள், காபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துச் சரக்கு, நாலாம் குறுக்குத் தெருவில் அரிசி, பருப்பு, மிளகாய், வெங்காயம். இது கொழும்பில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாமான் வாங்க வந்தவருக்கு அந்த உலகம் கடை மேசையோடு முடிந்துவிடும். எண்ண வந்தவளுக்கு அங்கேதான் தொடங்கும். மேசைக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய நடை, நடைக்குப் பின்னால் வானம் தெரிகிற சின்ன முற்றம், அங்கிருந்து மரப்படி, மேலே தெருவிலிருந்து ஒருவரும் ஊகிக்க முடியாத நீளத்துக்கு ஒரு மாடி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூடை தூக்குகிற நாட்டாமிமார் அங்கே மல்லி மூடைகளின் மேல் வரிசையாகப் படுத்துத் தூங்குவார்கள். ஆள் தூங்குகிற மூடையை எப்படி எண்ணுவது என்று எங்கள் கைநூலில் இல்லை. நான் ஆளோடு சேர்த்து எண்ணிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கம் ஒரு ஸ்டோர். மூடைகளை அட்டி போட்டு அடுக்கியிருந்தால் நீளத்துக்கு இத்தனை, அகலத்துக்கு இத்தனை, உயரத்துக்கு இத்தனை என்று பெருக்கிவிடலாம். ஆனால் வெளிச்சுற்றை மட்டும் அடுக்கி நடுவை வெறுமையாக விட்டிருக்கிறார்களா என்பதை மேலே ஏறினால்தான் காணலாம். ஏறினேன். நடுவும் நிறைந்துதான் இருந்தது. நிமிர்ந்தபோது, சுவர் உச்சியிலிருந்த காற்றுத் துவாரத்துக்கு நேரே, சம்மாங்கோட்டுப் பள்ளி என்று தெருவில் சொல்கிற சிவப்புப் பள்ளிவாசலின் மேற்பகுதி. சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் வரி வரியாக. இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பி 1909இல் முடித்த கட்டடம் அது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர் ஒரு காலத்தில் அதைக் கண்டே கொழும்பை அடையாளம் பிடித்தார்கள் என்பார்கள். கீழே ரோட்டில் வெள்ளைக்காரப் பயணிகள் கழுத்தை அண்ணாந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எட்டாத ஒன்று எனக்குத் தெரிந்தது. மாதுளம்பழ வடிவக் கும்மட்டம் ஒன்றின் அடியில், காகமொன்று கட்டுக்கம்பித் துண்டுகளால் கூடு கட்டிக்கொண்டிருந்தது. வாயில் இருந்த கம்பி அதன் உடம்பைவிட நீளம். அதை எந்தப் பக்கத்தால் செருகுகிறது என்று முழுதாகப் பார்க்காமல் இறங்க மனம் வரவில்லை.

"என்ன தங்கச்சி, மேல கூடக் கிடக்கா?" என்றார் கீழே நின்ற ஸ்டோர்கீப்பர்.

"இல்ல நானா, சரியாத்தான் இருக்கு."

"அப்ப இறங்கி வந்து டீயக் குடிங்க. மூடை எங்கயும் ஓடாது."

இந்த டீ விசயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கணக்காய்வாளர் வாடிக்கையாளரிடம் பரிசோ உபசாரமோ பெறக்கூடாது என்கிறது எங்கள் ஒழுக்கக்கோவை. அற்பமானது, பொருட்படுத்தத் தேவையில்லாதது என்றால் மட்டும் விலக்கு. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ, பக்கத்தில் ஒரு துண்டுச் சக்கரை. பங்குனி வெயிலில், மிளகாய் நெடியில் தொண்டை கமறிப்போய் நிற்கிற ஒருத்திக்கு அது அற்பமானதா? மேலதிகாரியிடம் கேட்டு வைத்தால் வம்பு என்று நான் கேட்காமலே குடித்து வருகிறேன்.

திரும்பி வந்து பயணப்படிப் படிவம் நிரப்புவோம். திகதி, எங்கிருந்து, எங்கே, என்ன வேலை, எவ்வளவு என்று கட்டங்கள். வெள்ளவத்தை, கோட்டை, சரக்கிருப்பு, இத்தனை ரூபாய். காகத்துக்குக் கட்டம் இல்லை.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலி வீதியால் போனால் 100, 101 என்று பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் காலையில் அதில் ஏறினால் ஒவ்வொரு சிக்னலையும் அறிமுகம் செய்துகொண்டுதான் போகவேண்டும். நான் சீசன் டிக்கட் எடுத்து ரயிலில் போகிறவள். தெற்கிலிருந்து வரும் ஒபிஸ் ரயில் வெள்ளவத்தைக்கு வரும்போதே நிரம்பித்தான் வரும். களுத்துறையிலும் பாணந்துறையிலும் ஏறியவர்கள் எங்களைப் பார்க்கிற பார்வையில், நேற்று வந்தவர்கள் என்ற எண்ணம் தெரியும். அந்த நெரிசலில் பெண்ணாகப் போவது எப்போதும் இன்பம் என்று நான் எழுதினால் பொய். கைப்பையை எந்தப் பக்கம் வைப்பது, யாருக்கு முதுகு காட்டாமல் நிற்பது, சேப்டி பின் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குப் படிக்காமலே வந்த பாடங்கள்.

அதற்குள்ளும் இடதுபக்க வாசலோரத்தில் நல்ல இடம் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைய நாள் என்னுடையது. வெள்ளவத்தை தொடங்கிக் கொள்ளுப்பிட்டி வரை தண்டவாளமும் கடலும் கூடவே ஓடும். நடுவில் கருங்கல் அணை மட்டும். மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அலை அந்தக் கல்லில் அடித்து யன்னலுக்குள் தெறிக்கும். யன்னலைப் பூட்டச் சொல்லி ஒரு கட்சி, பூட்டினால் மூச்சு முட்டும் என்று ஒரு கட்சி. சிங்களத்தில் தொடங்குகிற சண்டையில் பம்பலப்பிட்டியில் தமிழும் சேர்ந்துகொள்ளும். நான் எப்போதும் திறந்த கட்சி. கண்ணாடியில் உப்புப் படிந்து, கந்தோரில் போய்த் துடைக்கும்வரை உலகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. கொள்ளுப்பிட்டியோடு கடலை விட்டுப் பாதை உள்ளுக்குத் திரும்பும். கொம்பனித்தெருவில் பேர வாவி. அதன் மேல் தாமரைக் கோபுரம். 350 மீற்றர் உயரத்துக்குக் கட்டி, 2022இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். அந்தக் கோபுரத்தை நான் இன்னும் ரசிக்கப் பழகவில்லை. அதன் அடியில் வாவிக்கரையில் கூழைக்கடா ஒன்று நின்றால் ரயில் பெட்டியே அதைத்தான் பார்க்கிறது.

அந்தப் பெட்டியில் நாலு பேர் ஓமி விளையாடுவார்கள். முழங்கால்களின் மேல் ஒரு பழைய லங்காதீப பத்திரிகை, அதன் மேல் சீட்டு. கோட்டை மேடை வருமுன் கடைசி ஆட்டம் முடிய வேண்டும் என்பது அவர்கள் சட்டம். சிக்னலுக்காக ரயில் செயலகத்துக்கு அப்பால் நின்றுவிட்டால் பெட்டி முழுக்க எரிச்சலில் கடிகாரம் பார்க்கும். அவர்களுக்கு மட்டும் கொண்டாட்டம். அவர்களில் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர் நிறுவனமொன்றின் காசாளர் என்பது, சில்லறைக் காசு எண்ணுவதற்காக நான் போய் அவர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. காலையில் துரும்பு வெட்டிய அதே வேகத்தில் நோட்டுக்களைப் பிரித்து வைத்தார். இருவரும் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. மறுநாள் காலையில் மட்டும் எனக்கு யன்னலோரத்தில் ஒரு இருக்கை ஒழிந்து கிடைத்தது. அதுவும் உபசாரத்தில் சேருமோ என்னவோ.

மலைநாட்டுக்கும் அனுப்புவார்கள். 1864 கடைசியில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் ரயில் ஓடியபோது அது கோப்பிக்காகப் போட்ட பாதை. நோய் விழுந்து கோப்பி அழிந்த பின் தேயிலை இறங்கிய பாதை. இப்போது எல்ல வரை வாசலில் தொங்கிப் படம் எடுப்பவர்களின் பாதை. அவர்களை நடுவழியில் விட்டுவிட்டு நான் ஹட்டனில் பைல் கட்டோடு இறங்குவேன். ஒருமுறை தொழிற்சாலைக்குப் பக்கத்து அறையிலேயே தங்க வேண்டியிருந்தது. மேல்மாடியில் இரவு முழுக்கக் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும். விடியப்புறம் இயந்திரச் சத்தத்தில் எழும்பியபோது, முதல்நாள் மாலையில் இருந்த பச்சை இலை வாசம் போய், ஏதோ பழம் கனிந்த வாசம் அறைக்குள் வந்திருந்தது. டீமேக்கர் ஐயாவிடம் சொன்னேன். "அதுதாம்மா எங்களுக்கு மணிக்கூடு" என்றார். "வாசத்துலயே தெரியும், அரைக்கப் போடலாமா இன்னுங் கொஞ்சம் வாடணுமான்னு." ஈரப்பதக் கருவியின் பதிவேட்டைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்; அதுவும் ஒழுங்காகத்தான் இருந்தது.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலையிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. கணக்காண்டு முடியப் பதினொரு நாள். அந்த 31ஆம் திகதி நாங்கள் ஒருவரும் ஒரு ஸ்டோருக்கும் போகவில்லை. கொழும்புத் தேயிலை ஏலம்கூட, 1883இல் தொடங்கியது, அந்த ஏப்ரலில் மண்டபத்தை விட்டுக் கணினிக்குள் போனது. பிறகு சில இடங்களில் வட்ஸ்அப் வீடியோவில் சரக்குப் பார்த்தோம். ஸ்டோர்கீப்பர் போனைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நான் வீட்டு மேசையில் இருந்து, மூன்றாவது அட்டியைக் காட்டுங்கோ, லேபலைக் கிட்டக் கொண்டுவாங்கோ என்பேன். அவர் பாவம், கேட்டதெல்லாம் காட்டினார். ஆனால் கேட்டதை மட்டும்தான் காட்ட முடியும். தாளில் இல்லாததைக் காட்டுங்கோ என்று எப்படிக் கேட்பது? வேலை முடிந்தது, கோப்பும் மூடியது, கையெழுத்தும் விழுந்தது. அந்த வருடத்தைப் பற்றி எனக்கு ஒரு ஸ்டோர்கூட ஞாபகம் இல்லை. ஒரு நாட்டாமியின் கால் இரண்டு செக்கன் திரைக்குள் வந்து போனது மட்டும் நினைவிருக்கிறது. மூடைமேல் நீட்டிப் படுத்த கால்.

இந்த மார்ச்சுக்கான பட்டியல் ஒட்டியாகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்திக்கு நாலாம் குறுக்குத் தெரு விழுந்திருக்கிறது. அவளோடு சேர்ந்தவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் குடிவகைக் களஞ்சியம். "அக்கா, மாத்தித் தரமாட்டீங்களா?" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். மாட்டேன் என்றேன். வெள்ளைச் சப்பாத்து வேண்டாம். கான்டக்ட் லென்ஸ் போடுகிறவள் என்றால் அன்றைக்கு மட்டும் கண்ணாடி. மிளகாயைக் கடைசிக்கு வைத்துக்கொள். நாட்டாமிமார் தூக்கத்தில் கை வைக்காதே. அட்டி மேல் ஏற வேண்டி வந்தால் வெட்கப்படாமல் ஏறு, ஏறினால் உடனே இறங்காதே என்று சொல்லி அனுப்பினேன். ஹோட்டல் கிடைத்தவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அங்கே எல்லாப் போத்தலிலும் பார்கோட் இருக்கும்.