உப்புவெளி லாயக் குறிப்புகள்

ஜூலை 4
திருகோணமலைப் பக்கம் கச்சான் காற்று அனலாக வீசுகிறது. மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மனிதன் நிற்க முடியாது. இரண்டு குதிரைகளும் அங்கேதான் நிற்கின்றன. பெண் குதிரை கதவுக்கு மேலால் தலையை நீட்டி இடமும் வலமுமாக ஓயாமல் ஆடுகிறது. கடற்கரைக்கு வந்தவர்கள் நடனம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அடைபட்ட குதிரைக்கு வரும் பழக்கம் அது. பார்க்கவே வயிறு எரிகிறது.

ஜூலை 7
முதலாளியிடம் பேசினேன். "பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை குடுத்திருக்கிறன், தம்பி. இன்னும் என்ன வேணும்?" என்றார். அறை அளவு சரிதான். ஆனால் வெளியில் விட்ட குதிரை நாளில் 16 மணிநேரம்கூட மேயும். அதன் இரைப்பையில் அமிலம் எந்நேரமும் சுரக்கும். உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே வரும். காலையிலும் மாலையிலும் ஒரு வாளி தவிடு வைத்துவிட்டு நடுவில் வெறும் வயிறாக விட்டால் இரைப்பையில் புண் வரத்தானே செய்யும்? நெடுநேரம் யோசித்துவிட்டு, பின்வளவைத் திறக்கச் சம்மதித்தார்.

ஜூலை 12
முட்கம்பியைக் கழற்றிவிட்டுப் பனஞ்சலாகை அடித்தோம். இரண்டையும் ஒன்றாக விட்டோம். கொஞ்ச நேரம் ஓட்டம், அப்புறம் வேம்பின் கீழ் ஒன்றின் கழுத்தை மற்றது பல்லால் கோதிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக எத்தனை காலம் நின்றிருக்கும்!

ஜூலை 16
இது கடற்கரை மணல். தரையில் புல்லைப் போட்டால் மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் தங்கி வயிற்றுவலி வரும். மிருக வைத்தியர் சொன்னபடி சாணத்தை வாளித் தண்ணீரில் கரைத்துப் பார்த்தோம். அடியில் மணல் படிந்தது. இப்போது தீவனமெல்லாம் றப்பர் விரிப்பின் மேல்தான். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு உலர்ந்த கணக்கில் 6 கிலோவாவது புல்லும் வைக்கோலும் வேண்டும். தம்பலகாமத்தில் இருந்து கினிப்புல் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் வருகிறது. அந்தப் புல்லில் உள்ள ஒக்சலேட் என்ற பொருள் கல்சியத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும் என்பதால் கல்சியத் தூளும் கொடுக்கிறோம்.

ஜூலை 25
"நெடுந்தீவுக் குதிரையள் ஆரும் பார்க்காமலே சீவிக்குதே" என்றார் பக்கத்து வளவு ஐயா. அந்தத் தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைச் சொல்கிறார். கடும் வறட்சியில் அங்கே தண்ணீரில்லாமல் குதிரைகள் செத்ததை அவருக்குச் சொன்னேன். திறந்துவிடுவது வேறு, கைவிடுவது வேறு. இந்த வெக்கையில் ஒரு குதிரை 40 லீற்றருக்கு மேலும் குடிக்கும்.
இப்போது இரவில் வளவு, வெயிலில் லாயம். தகரத்தின் மேல் கிடுகு போட்டுப் பக்கச் சுவரையும் பாதி இறக்கியாயிற்று. மூத்திர நெடி கண்ணைக் கரிக்கவில்லை. ஆட்டம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஊறிப்போன பழக்கம், முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.
ஐப்பசி மழைக்கு முன் வாசலடியில் கிறவல் கொட்டாவிட்டால் சேற்றில் நின்று குளம்பு அழுகும். அதையும் முதலாளியிடம் கேட்டிருக்கிறேன்.