அக்காவின் சோகையும் என் சோகையும்

எங்கள் வீட்டில் யாரும் சோகையை ஒரு நோயாக எண்ணியதில்லை. அம்மாவுக்கு வெளிறிய முகம், அக்காவுக்கும் எனக்கும் அதே முகம். "அம்மா வழி உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பாட்டி சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அன்று இரவு முருங்கைக்கீரை சமைக்கப்படும். நான் பதினாறு வயதிலிருந்து விட்டுவிட்டு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தேன். எத்தனை மாதம் சாப்பிட்டாலும் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டவில்லை.

முதல் குழந்தையைச் சுமந்திருந்தபோதுதான், ஒரு மருத்துவர் என் பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவே இல்லையே" என்றார். உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு எனக்குச் சரியாகவே இருந்தது. சிவப்பணுக்கள் மட்டும் மிகச் சிறியவை: சராசரிக் கனஅளவு 80 ஃபெம்டோலிட்டருக்குக் குறையக்கூடாது என்பார்கள், எனக்கு 64. ஆனால் எண்ணிக்கையில் அவை குறையவில்லை, மைக்ரோலிட்டருக்கு 56 லட்சம் இருந்தன. இரும்பு போதாத உடலில் அணுக்கள் சிறுப்பதோடு அவற்றின் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறைந்துவிடும். மரபணுக் கோளாற்றால் ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலி போதிய அளவு உருவாகாத நிலைக்குத் தலசீமியா என்று பெயர். அத்தகைய உடலோ, சிறிய அணுக்களை ஏராளமாகச் செய்து ஈடுகட்டப் பார்க்கும். கனஅளவை மில்லியன் கணக்கிலான எண்ணிக்கையால் வகுத்து, விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிப்பது மருத்துவர்களின் பழைய வழக்கம். எனக்கு 64-ஐ 5.6-ஆல் வகுக்க 11.4 வந்தது. பின்னர் இரத்தத்தில் சிறிதளவே இருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகையின் அளவு உயர்ந்திருப்பதும் தெரிந்ததால், நான் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவள் என்பது உறுதியாயிற்று. அம்மாவுக்கும் அதுவே.

அப்படியானால் அக்காவுக்கும் அதுதான் என்று எல்லோரும் முடிவுகட்டினோம். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அவளுடைய ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. வகுத்து வந்த விடை 17-க்கும் மேல். கருப்பையில் வளர்ந்திருந்த நார்க்கட்டிகளால் மாதந்தோறும் அவள் இழந்துவந்த இரத்தத்தை, "அம்மா வழி உடம்பு" என்ற ஒற்றை வாக்கியம் பல ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தது. இரும்புக் குறைவு ஏ2 அளவைத் தாழ்த்திக் காட்டக்கூடும் என்பதால், குறைவைச் சரிசெய்தபின் மீண்டும் சோதித்தார்கள். அவளிடம் அந்த மரபணு இல்லை. ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே வெளிறல். எனக்கு அது பிறப்பிலேயே வந்தது, அவளுக்கு இடையில் வந்தது.

குடும்பத்தில் பலருக்கு இருப்பதாலேயே ஒன்று பரம்பரை நோய் ஆகிவிடாது. பிறவிக் குறை, மரபணுக் கோளாறு, பரம்பரை நோய் ஆகிய மூன்றையும் நாம் ஒரே பொருளில் பேசுகிறோம். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா தொற்றினால் குழந்தை செவித்திறனோ பார்வையோ குன்றிப் பிறக்கலாம்; அது பிறவிக் குறைதான், ஆனால் கருவறையில் கிருமியால் நேர்ந்தது. டவுன் நோய்க்குறி 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வருவது. எனினும் பெரும்பாலும் அது பெற்றோரிடமிருந்து வழிவழியாக வருவதில்லை, கருமுட்டை உருவாகும்போது நேரும் பிழையால் வருகிறது. மூளையின் நரம்பணுக்களைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோயோ பிறக்கும்போதே மரபணுவில் இருந்தும், பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகே தலைகாட்டும்.

மரபும் வெளிக்காரணமும் கலந்து நிற்பவையும் உண்டு. சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டைச் சோதித்து வருகிறார்கள். குறைபாடு மரபில் வந்தது. ஆனால் அந்தக் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும் ஆபத்து, துணி அலமாரியில் நாம் போட்டு வைக்கும் அந்துருண்டையிலிருந்து வரலாம். பட்டுப்புடவைகளுக்கு நடுவே அதைப் போட்டு வைக்காத தமிழ் வீடு எத்தனை?

என் முடிவு வந்தவுடன் கணவரையும் சோதித்தார்கள். இருவரும் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்திருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனியே நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடுமையான தலசீமியா வந்திருக்கலாம். அப்படிப் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அவரிடம் அது இல்லை. முடிவு வரும்வரை நான் தூங்கிய இரவுகள் குறைவு.

"என்னால்தானே உனக்கு வந்தது" என்று அம்மா அழுதார். மலேரியா மிகுந்திருந்த நிலங்களில் இந்த மரபணுவின் ஒற்றைப் பிரதி அக்காய்ச்சலின் கடுமையிலிருந்து மனிதரைக் காத்தது, நம் முன்னோர் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நான் விளக்கியதை அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை மலேசியாவில் ஈப்போவிலிருக்கும் மாமாவுக்கு அவரே தொலைபேசியில் அழைத்தார். மாமா மகளை என் தம்பிக்குக் கேட்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. "ஜாதகம் அப்புறம் பார்க்கலாம் அண்ணே, முதலில் ரெண்டு பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்த்துவிடுவோம்" என்று அம்மா சொன்னதை நான் சமையலறையிலிருந்து கேட்டேன்.