பட்டு வேட்டியை வெள்ளை என்று நம்பாதீர்கள்

விஎச்எஸ் கேசட்டை டிஜிட்டலாக மாற்றி வாங்கியவர்கள் எல்லோரும் அடுத்து கேட்பது ஒன்றுதான், கலர் ஏன் இப்படி இருக்கிறது? எங்கள் சித்தி கல்யாண வீடியோவும் அப்படித்தான். 1993, கும்பகோணத்தில் ஒரு மண்டபம். எல்லோர் முகமும் ஆரஞ்சு, கூரைப்புடவை தக்காளிச் சிவப்பு, அந்தச் சிவப்பும் புடவையோடு நிற்காமல் பக்கத்தில் இருப்பவர் சட்டை வரைக்கும் வழிந்துகிடந்தது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒருவழியாகச் சரிசெய்து முடித்திருக்கிறேன். அதில் உருப்படியாகத் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் கலரைத் தொடவே வேண்டாம். நம் ஊர் வீடியோ பால் (PAL) என்கிற டிவி முறையில் பதிவானது, நொடிக்கு 25 ஃப்ரேம். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாக இரண்டு பாதிகளில் எடுக்கப்பட்டது. அதனால்தான் யாராவது கையை அசைத்தால் கம்ப்யூட்டரில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. எனக்கு மாற்றிக் கொடுத்த கடையில் இரண்டு பாதியையும் ஒன்றாகக் கலந்து மழுப்பிவிட்டார்கள். அட்சதை போடுகிற இடத்தில் ஒவ்வொரு கைக்கும் கூடவே ஒரு ஆவிக் கை வந்தது. அப்படி வந்த ஃபைலை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, கேசட் இருந்தால் மறுபடி எடுப்பதுதான் வழி. எடுக்கும்போது இரண்டு பாதியையும் அப்படியே விட்டு, பிறகு பாதிகளைத் தனித்தனி முழு ஃப்ரேமாக்குகிற கியூடிஜிஎம்சி (QTGMC) என்கிற ஸ்கிரிப்டைப் போட்டால் நொடிக்கு 50 ஃப்ரேம் கிடைக்கும். ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளிலேயே அது இருக்கிறது, கமாண்ட் எழுதத் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, படம் 720க்கு 576 அளவில் இருந்தாலும் காட்ட வேண்டியது 4:3 விகிதத்தில். அகலத் திரை முழுக்க இழுத்துவிட்டால் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் குண்டாகிவிடுவார்கள்.

சரி, கலர். மண்டபத்தில் ஒரே நேரத்தில் மூன்று விதமான வெளிச்சம் இருக்கிறது. வீடியோக்காரரின் ஹாலஜன் லைட் 3200 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற அலகு) வாக்கில் மஞ்சளடிக்கும், டியூப்லைட் லேசாகப் பச்சையடிக்கும், வாசலிலிருந்து வருகிற பகல் வெளிச்சம் நீலமடிக்கும். காலையில் ஒரு தடவை எது வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டி ஒயிட் பேலன்ஸ் வைத்துவிட்டு நாள் முழுக்க அதிலேயே எடுத்திருப்பார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, முகூர்த்த நேரத்தில் யார் வெள்ளைப் பேப்பரைத் தேடுவது? அதனால் முழு வீடியோவுக்கும் ஒரே திருத்தம் என்பது நடக்காது. ஷாட் ஷாட்டாக வெட்டித்தான் செய்ய வேண்டும்.

டாவின்சி ரிசால்வ் என்கிற வீடியோ திருத்தும் மென்பொருளில் வெள்ளையைத் தொட்டுக் காட்டுகிற ஐட்ராப்பர் இருக்கிறது. எல்லோரும் உடனே மாப்பிள்ளை வேட்டியைத்தான் தொடுவார்கள். பட்டு வேட்டி வெள்ளை இல்லை, சந்தன நிறம். அதை வெள்ளை என்று சொன்னால் மென்பொருள் அந்த மஞ்சளை ஈடுகட்ட மொத்தப் படத்தையும் நீலமாக்கிவிடும். பருத்தி வேட்டியைத் தொட்டால் அதில் சொட்டு நீலம் போட்டிருப்பார்கள், படம் மறுபடி மஞ்சளாகும். எனக்குக் கைகொடுத்தது எவர்சில்வர் சொம்புதான், மினுங்குகிற இடத்தை விட்டுவிட்டு சாம்பலாகத் தெரிகிற பக்கவாட்டைத் தொட வேண்டும். கறுப்புக்குத் தலைமுடி. இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்தபோதுதான் நிழலில் இருந்த பச்சை போனது.

சிவப்பு ஏன் வழிகிறது என்றால், விஎச்எஸ்ஸில் நிறத்தைத் தனியாகப் பிரித்து 627 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, மிகக் குறைந்த இடத்தில் திணித்துவிடுகிறார்கள். உருவத்தின் விளிம்பு ஓரளவு கூர்மையாகவும் நிறத்தின் விளிம்பு மொத்தையாகவும் இருப்பது அதனால். கேசட்டிலிருந்து கேசட்டுக்குக் காப்பி எடுக்க எடுக்க நிறம் இன்னும் தள்ளிப்போகும். எங்களுடையது காப்பிதான், ஒரிஜினல் யார் வீட்டில் போனதோ. நிறத்தை மட்டும் சில பிக்சல் இடதுபக்கமும் மேலேயும் நகர்த்தி, சிவப்பின் அழுத்தத்தை மட்டும் குறைத்தேன். மொத்த சாச்சுரேஷனை, அதாவது எல்லா நிறத்தின் அழுத்தத்தையும், குறைத்தால் வாழைமரம், மாவிலை எல்லாம் செத்துப்போகும்.

எவ்வளவு குறைப்பது என்பதில்தான் சண்டை. “டேய், என் புடவை தக்காளி கலர் இல்லடா, அரக்கு” என்று சித்தி பீரோவைத் திறந்து புடவையையே எடுத்துப் போட்டுவிட்டார். மடிப்பின் உட்பக்கத்தை, வெளிறாத இடத்தை, மொட்டைமாடி நிழலில் போட்டோ எடுத்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இதைவிட நல்ல கலர் சார்ட் எந்தக் கடையிலும் கிடைக்காது.

முகத்துக்கு வெக்டர்ஸ்கோப்பில், அதாவது படத்தின் நிறங்களை வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டுகிற வரைபடத்தில், ஒரு கோடு இருக்கிறது. கறுப்போ சிவப்போ, மனிதத் தோல் எல்லாமே அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும், வேறுபடுவது வெளிச்சத்தின் அளவுதான். அதனால் கலரைச் சரிசெய்கிறேன் என்று எல்லோரையும் வெளுக்க வைக்காதீர்கள், ஆட்டோ பட்டன் அதைத்தான் செய்கிறது. ஆனால் மஞ்சள் பூசிக் குளித்த பெண்கள் முகம் கோட்டைவிட்டு மஞ்சள் பக்கம் நிற்கும், நிற்கவும் வேண்டும். அதை இழுத்துவந்து கோட்டில் வைத்தால் மஞ்சளைக் கழுவிவிட்ட மாதிரிதான்.

புள்ளி புள்ளியாக வருகிற இரைச்சலைக் குறைக்கிற நாய்ஸ் ரிடக்‌ஷன் ரிசால்வின் இலவசப் பதிப்பில் கிடையாது, கியூடிஜிஎம்சியிலேயே கொஞ்சம் செய்துகொள்ளலாம். கொஞ்சம்தான். கூட்டி வைத்தபோது பாட்டி திரும்பும்போதெல்லாம் மின்னுகிற வைர மூக்குத்தி காணாமல் போனது, ஒரு ஃப்ரேம் வந்து போகிற வெள்ளைப் புள்ளியை அது தூசி என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்குகிற ஏஐ அப்ஸ்கேலிங்கையும் போட்டுப் பார்த்தேன். பின்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் புது மூஞ்சி வந்தது, யாருமே எங்கள் சொந்தக்காரர்கள் இல்லை. தூக்கிப் போட்டுவிட்டேன்.

படத்தின் அடியில் நடுங்குகிற சில வரிகள் கேசட் ப்ளேயரில் டேப்பைப் படிக்கிற ஹெட் மாறுகிற இடம், கறுப்புப் பட்டையால் மறைத்தால் போதும். இதய வடிவத்துக்குள் சித்தப்பா சுழன்று வருகிற மிக்ஸிங்கை நான் தொடவே இல்லை. அதுவும் 1993 தானே.

ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தால், திருத்தாத முதல் பதிவை அழிக்காமல் வையுங்கள், நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அது நசுக்குகிற நசுக்கில் இத்தனையும் வீண்.