ஒரே ஒரு துளை: மௌத் ஆர்கனில் தனி ஸ்வரம் பிடிக்கிற பாடு

"விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவி, ஒரு ஸ்வரம் மட்டும் வரும்." சொல்பவர்கள் எல்லோரும் இதோடு முடித்துக்கொள்கிறார்கள். அப்படிக் குவித்தால் காற்று நின்று போகும், வாய் வலிக்கும், இரண்டு துளை சேர்ந்தேதான் ஒலிக்கும்.

அதற்கும் முன்னால் கடை. மௌத் ஆர்கன் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்து நீட்டுவது இரட்டை வரிசை ட்ரெமோலோ, 24 துளை. அதில் ஊதும் ஸ்வரத்துக்கு ஒரு துளை, மூச்சை உள்ளே இழுக்கும் ஸ்வரத்துக்குப் பக்கத்துத் துளை. நீங்கள் பார்க்கும் பாடமோ பத்துத் துளை டயட்டானிக்குக்கு. அங்கே ஒரே துளையில் இரண்டும் உண்டு. எதுவும் பொருந்தாது. பில் போடுமுன் எண்ணிவிடுங்கள்: ஒற்றை வரிசை, 1 முதல் 10, ஸி (C) கீ, அதாவது சுருதி.

இனி உதடு. நுனியால் தொட்டு ஊதுவதுதான் முக்கால்வாசித் தொல்லைக்குக் காரணம். வாத்தியத்தை நன்றாக உள்ளே தள்ளி, உதட்டின் ஈரமான உட்பக்கம் படும்படி வையுங்கள். பின்பக்கத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினால் துளைப் பக்கம் கீழுதட்டில் பதியும், பக்கத்துத் துளைகள் தானாக அடைபடும். இறுக்கம் வாயின் இரு ஓரத்தில் மட்டும்; நடுவில் தளர்வு. சத்தம் மெலிந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பாருங்கள். உடனே கூடினால் காற்று மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஊதும்போது எந்தத் துளை கலந்தாலும் காதுக்கு இனிமையாகவே இருக்கும். 4-ஐ ஊதினால் ஸ. பக்கத்தில் 5-இல் க, 3-இல் ப. மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்டு, கேட்க நன்றாகத்தானே இருக்கும்! அதனால் ஊதியே பழகுகிறவருக்குக் கசிவு தெரிவதில்லை. 6-ஐ இழுத்துப் பாருங்கள். அது த, 7-இல் இழுத்தால் நி. இரண்டும் சேர்ந்தால் பல் கூசும். அங்கே சுத்தமாக வந்தால்தான் உதடு சரி. வராவிட்டால் 7-ஐ விரலால் மூடிக்கொண்டு 6-இன் உண்மையான ஒலியைக் கேளுங்கள். பிறகு விரலை எடுத்துவிட்டு அதே ஒலியைத் தேடுங்கள்.

அடுத்த தலைவலி 2-ஆம் துளையை இழுப்பது. மூச்சுத் திணறுகிற மாதிரி வரும், அல்லது சுருதி தாழ்ந்து அழும். ரீடு (உள்ளே அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு) கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. கடைக்காரர் வாங்கி ஊதினால் சரியாக ஒலிக்கும், முகத்தில் அசடு வழியத் திரும்ப வேண்டியதுதான். ரீடில் குறையில்லை. பலமாக உறிஞ்சி, நாக்கின் பின்பகுதியைத் தூக்கித் தொண்டையை அடைப்பதால் ஸ்வரம் வளைகிறது. அந்த ரீடு ஒரு முழு ஸ்வரம்வரை தாழக்கூடியது. தாடையை இறக்கி, கொட்டாவி விடுகிற மாதிரி தொண்டையைத் திறந்து, மெல்ல மூச்சை உள்ளே எடுங்கள். சரிபார்க்க ட்யூனர் வேண்டாம்: 3-ஐ ஊதினாலும் அதே ப-தான். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்து ஒப்பிடுங்கள்.

எச்சில் அடைத்தால் துளைப் பக்கம் கீழே இருக்க உள்ளங்கையில் தட்டினால் போதும். நாக்கால் துளை அடைக்கும் முறையும் உண்டு, நல்ல முறைதான். ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் பழகினால் இரண்டும் வராது.

சங்கராபரண ஆரோகணத்தை 1-ஆம் துளையில் தொடங்காதீர்கள். கீழ் ஸ்தாயியில் ம, த இரண்டுக்கும் நேரடித் துளையே கிடையாது. 4-இல் தொடங்குங்கள்: ஊது, இழு, ஊது, இழு என்று 6 வரை ஒழுங்காகப் போகும். 7-இல் வரிசை திரும்பிவிடும். முதலில் இழுத்து நி, அப்புறம் ஊதி ஸ. "ஏழாவது துளை தப்பாக இருக்கிறது" என்று புலம்ப வேண்டாம், ரிக்டர் என்ற இந்த ஸ்வர அடுக்கில் செய்த எல்லா வாத்தியமும் அப்படித்தான்.