பைலாவில் முளைத்த தென்னை

கோபிசெட்டிபாளையத்தில் 18 ஆண்டுகளாக வக்கீல் தொழில் செய்கிறேன். எங்கள் ஊர்க் கபடி மன்றத்தின் போலீஸ் அனுமதி மனு முதல் ஆண்டுக் கணக்கு வரை என் மேஜையில்தான் எழுதப்படும். கமிட்டியில் மட்டும் என் பெயர் இருந்ததில்லை. இறுதி ஆட்டத்தன்று பரிசு கொடுக்கக் கூப்பிடுவார்கள்.

போன தை மாதம், பெண்களுக்கும் ஆட்டம் வைக்கலாமே என்றேன். "அதற்குத் தனியாக ஒரு சங்கம் வைத்துக்கொள்ளுங்க அம்மிணி" என்றார் மன்றத்துப் பெரியவர். கேலியா, யோசனையா என்பது இன்றுவரை பிடிபடவில்லை. யோசனையாகவே எடுத்துக்கொண்டேன்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். வாய்ச்சொல்லுக்கு இருபது பேர் இருந்தார்கள். கையெழுத்து என்றதும் ஐந்தாகச் சுருங்கினார்கள்; என்னோடு ஆறு. ஏழாவது பெயருக்கு மூன்று வாரம் அலைந்தேன். கல்லூரி அணியில் கபடி பாடிப் போனவள், இப்போது பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறாள். ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே, பால் கறை படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். "எங்களை ஆட விடுவார்களா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கேள்விதான் பைலா, அதாவது சங்கத்தின் விதிகள், எழுதும்போது நினைவில் நின்றது. சட்டக் கல்லூரி நாட்களிலிருந்தே அனிதா டிஃபிரான்ட்ஸ் என்ற அமெரிக்க வக்கீல்மேல் எனக்கு ஒரு பிடிப்பு. ஒலிம்பிக்கில் பெண்கள் துடுப்புப் படகுப் போட்டி முதன்முதலாகச் சேர்ந்த 1976-இல் வெண்கலம் வென்றவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தபோது, தன் நாட்டு ஒலிம்பிக் கமிட்டி மீதே வழக்குப் போட்டுத் தோற்றார். ஆனால் 1986-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் உறுப்பினர், 1997-இல் அதன் முதல் பெண் துணைத் தலைவர். மனு கொடுப்பவர் நாற்காலிக்கும் முடிவெடுப்பவர் நாற்காலிக்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியும். நிர்வாகக் குழுவில் பாதிக்குமேல் களத்தில் ஆடியவர்கள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தேன்.

அத்தனை கவனமாக எழுதியும் விண்ணப்பம் திரும்பி வந்தது. தவறு என்னுடையதுதான். முன்பு ஒரு தென்னை விவசாயிகள் சங்கத்துக்கு எழுதிய பைலாவை அச்சாக வைத்திருந்தேன். 14-ஆம் விதியில் "கொப்பரை இருப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு செயலாளருடையது" என்று அப்படியே நின்றிருந்தது. பக்கத்து இருக்கை வக்கீல்கள் ஒரு மாதம் என்னைக் "கொப்பரைச் செயலாளர்" என்றார்கள்.

சான்றிதழ் வந்த வாரமே களம் கிழித்தோம். பெண்களுக்கு 12 மீட்டருக்கு 8. ஆண்களின் பழைய கோடு சுற்றிலும் வெளியே தெரிந்தது. பெரியவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி மெல்லக் கேட்டார்: "நிர்வாகக் குழுவுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் பதவி கிடையாதாமே? எங்கள் மன்றத்துக்கு அது எப்போதுங்க முடிந்தது?"