நல்லூரில் ஒரு நாற்சார் வீட்டுச் சாப்பாடு

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒழுங்கை ஒன்றுக்குள் இருக்கும் பழைய நாற்சார் வீட்டைச் சாப்பாட்டுக்கடையாக மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மத்தியானம் போனோம். படலையைத் தாண்டித் திண்ணையில் ஏறியதுமே வெக்கை தணிந்துவிட்டது. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் விறாந்தை. மேசை, கதிரை எல்லாம் விறாந்தையில்தான். முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டால் இன்னும் பத்துப் பேரை இருத்தலாம். போடாமல் விட்டவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். சூடான காற்று அந்த வழியாகத்தான் மேலே போகிறது, மாரியில் நாலு கூரைத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். அதை மூடினால் வீடே மூச்சுமுட்டிப் போகும்.

அண்ணாந்து பார்த்தால் கூரையைத் தாங்கும், வைரம் பாய்ந்த பனை வளைகள். சாயம் பூசி மறைக்காததால் கறுத்த நார் அப்படியே தெரிகிறது. சுவரில் ஓரிடத்தில் சுண்ணாம்புப் பூச்சை உரித்து, உள்ளே இருக்கும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, காட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்கும் இந்தக் கல் போயிருக்கிறது. காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ், ஓலையை மடித்துக் கட்டிய பனையோலைப் பிளாவில் வந்தது. கூழின் காரத்தோடு ஓலையின் மணமும் சேர்ந்து வந்தபோது, இந்த வீட்டுக்குத் தனியாக அலங்காரம் எதற்கு என்று தோன்றியது.

இரவு நகரத்துக்குள் வேறொரு கடை. யன்னல்கள் அடைத்து ஏசி, சுவர் முழுக்கப் பனங்கூடல் படம், வாசலில் மா அரைக்காத ஆட்டுக்கல். அதெல்லாம் போகட்டும். கூரையில் ஜாம் போத்தல் விளக்குகளைத் தொங்கவிட்டு, உள்ளே கலர் பல்ப் போட்டிருந்தார்கள். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்த வருடங்களில், போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு எரித்த விளக்கு அது. அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதியவர்கள் இன்றும் இந்த ஊரில் இருக்கிறார்கள். தொங்கவிடுவது பிழையில்லை, ஆனால் கீழே இரண்டு வரி எழுதி வைத்திருக்க வேண்டும். பக்கத்து மேசைப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை.

அடுத்த நாள் காலை நகரத்தின் பழைய சாப்பாட்டுக்கடையான மலாயன் கபே. பளிங்கு மேசை, கண்ணாடி அலுமாரி, வாழையிலை. பழமையைக் காட்ட வேண்டும் என்று யாரும் அங்கே பாடுபட்டதாகத் தெரியவில்லை. இருந்ததைத் துடைத்துத் துடைத்துப் பாவிக்கிறார்கள்.

நல்லூர் வீட்டுக்குப் போகிறவர்கள் மழை நாளாகப் பார்த்துப் போங்கள். முற்றத்தை ஒட்டிய மேசையைக் கேட்டு வாங்குங்கள்.