எத்தனை நாள் கொப்பளிப்பது என்று யாரும் சொல்லவில்லை

ஈறு நோய்க்கு டாக்டர்கள் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நல்ல மருந்துதான், அதன் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதை என் கையில் கொடுத்த விதத்தில்தான் கோபம். இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பல் தேய்க்கும்போது ரத்தம், ஈறு வீக்கம், பரிசோதனை, பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை எடுத்தல் எல்லாம் ஒழுங்காக நடந்தன. கிளம்பும்போது கையில் வந்த சீட்டில் மருந்தின் பெயரும் "காலை, இரவு" என்பதும் மட்டுமே இருந்தன. எத்தனை சதவீதம், எவ்வளவு மில்லி, எத்தனை நாள் என எதுவும் இல்லை. டாக்டர் அதற்குள் அடுத்தவருக்கு ஊசி போடப் போய்விட்டார். உதவியாளரைக் கேட்டால், "பாட்டிலிலேயே போட்டிருக்கும், பல் தேய்த்த கையோடு கொப்பளித்துவிடுங்கள்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

மருந்துக் கடையில் முதலில் எடுத்து நீட்டியது பளபளவென்று நீல நிறத்தில் இருந்த சாதாரண மவுத்வாஷ். "எல்லாம் ஒன்றுதான்" என்றார் கடைக்காரர். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் குளோர்ஹெக்சிடின் என்ற பேச்சே இல்லை. வாய் மணப்பதற்கு அது போதும், ஈறு நோய்க்கு எழுதிய மருந்துக்கு அது மாற்று ஆகாது. சரி, உண்மையான மருந்தையே கொடுங்கள் என்றால், "0.12 சதவீதமா, 0.2 சதவீதமா?" என்று என்னையே கேட்டார். கிளினிக்குக்கு ஒரு போன் போட அவருக்கு மனம் வரவில்லை. நான் திரும்பிப் போனேன். அங்கே மதிய இடைவேளை, கதவு சாத்தியிருந்தது. ஒரு வரி எழுதாததால் அரை நாள் போயிற்று.

பிறகு தெரிந்துகொண்டது இது: பொதுவாக 0.2 சதவீதம் என்றால் ஒரு வேளைக்கு 10 மில்லி, ஒரு நிமிடம். 0.12 சதவீதம் என்றால் 15 மில்லி, அரை நிமிடம். கணக்குப் போட்டால் வாய்க்குள் போகும் மருந்து கிட்டத்தட்ட ஒரே அளவுதான், முன்னதில் 20 மில்லிகிராம், பின்னதில் 18. ஆகவே எது கிடைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வதும் டாக்டர் சொன்னால்தான்.

அதே சீட்டில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் இருந்தது. இந்த மவுத்வாஷில் சில வகைகளில் ஆல்கஹால் உண்டு, அந்த மாத்திரையோடு ஆல்கஹாலைத் தவிர்க்கச் சொல்லி மாத்திரையின் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இதைக் கவனித்துச் சொன்னவர் டாக்டர் இல்லை, இரண்டாவது கடையில் இருந்த மருந்தாளுநர் அம்மா. ஆல்கஹால் இல்லாத வகையையே எடுத்துக் கொடுத்தார். இந்த முழுக் கதையிலும் எனக்குக் கோபம் வராத ஒரே ஆள் அவர்தான்.

இப்போது அந்த "பல் தேய்த்த கையோடு" விஷயம். பெரும்பாலான டூத்பேஸ்ட்டில் நுரைக்காகச் சோடியம் லாரில் சல்ஃபேட் சேர்க்கிறார்கள். அது எதிர்மின்னேற்றம் கொண்டது, குளோர்ஹெக்சிடின் நேர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொண்டால் மருந்தின் வேலை குறைந்துபோகும். குறைந்தது அரை மணி நேரம் இடைவெளி வேண்டும், இன்னும் கூடுதலாக விட்டாலும் நல்லது. இது பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருந்தது. உதவியாளர் பேச்சைக் கேட்டுத் தேய்த்த கையோடு கொப்பளித்த வேளைகளெல்லாம் பாதி வீண்தான்.

என் ஏற்பாடு எளிது. காலையில் பல் தேய்த்து, சாப்பிட்டு, காபியும் முடித்து, வாயை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுச் சற்று நேரம் கழித்து மருந்து. இரவில் தேய்த்து அரை மணி போனதும் மருந்து, உடனே படுக்கை. இரவு வேளைதான் சுலபம், அதற்குப் பிறகு எதையும் தின்னவோ குடிக்கவோ போவதில்லை. கொப்பளித்துத் துப்பியதும் அந்தக் கசப்பைத் தாங்க முடியாமல் கை தானாகக் குழாய்ப் பக்கம் போகும். போகவிடாதீர்கள். பல்லிலும் வாயின் உட்சுவரிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மெல்ல வெளிவருவதால்தான் இரண்டு வேளை போதுமென்கிறார்கள், உடனே கழுவினால் அதையும் சேர்த்துக் கழுவியதாகிவிடும். விழுங்கவும் கூடாது. சில நாளில் நாக்குக்கு உப்பு சரியாகத் தெரியவில்லை. சமைத்தவரிடம் உப்புப் போதவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள், மருந்தை நிறுத்தியதும் ருசி திரும்பிவிடும்.

அப்புறம் கறை. கீழ்வரிசை முன்பற்களின் பின்புறம், ஈறு ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. நாக்கும் பழுப்பு. கிளினிக்குக்குப் போன் செய்தேன். "நீங்கள் சரியாகத் தேய்ப்பதில்லையோ?" என்று கேட்டார் எடுத்தவர். அது இந்த மருந்தின் மிகப் பரவலான பக்கவிளைவு! டீ, காபி, சிவப்பு வைன் எல்லாம் அதை அதிகமாக்கும். பல்லின் மேல் படிந்ததை டாக்டர் மெருகேற்றி எடுத்துவிடலாம், எனக்கும் எடுத்தார்கள். ஆனால் முன்பல்லில் பல் நிறத்தில் அடைத்திருந்த ஃபில்லிங்கின் விளிம்பில் ஒரு கோடு அப்படியே நின்றுவிட்டது. அங்கே கறை சில சமயம் நிரந்தரம், அடைப்பையே மாற்ற வேண்டிவரலாம். முன்பல்லில் அடைப்பு இருந்தால் மருந்து எழுதும்போதே சொல்லிவிடுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. காரையும் கொஞ்சம் வேகமாகச் சேரலாம் என்பதால் அடுத்த சுத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாய்க்குள் தோல் உரிவது போலவோ புண்ணாகவோ ஆனால், காதுக்கு முன்னால் கன்னம் வீங்கினால், நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. அரிதுதான், ஆனாலும் இந்த ஒவ்வாமை பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. அறுவைக்கு முன் தோலில் தடவும் குளோர்ஹெக்சிடினால் முன்பு அரிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மறுபரிசோதனையில் சீட்டை டாக்டர் முன்னால் வைத்து, எத்தனை நாள் என்று எழுதச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், ஆனாலும் எழுதினார்: மொத்தம் இரண்டு வாரம். ரத்தம் நின்றிருந்தது, அளந்து பார்த்ததில் ஈறும் இறுகியிருந்தது. அதில் பெரும்பங்கு காரை எடுத்ததற்கும் பல்லிடுக்குத் தூரிகைக்கும்தான் என்றார். இந்த மருந்து மேலே இருக்கும் கிருமிப் படலத்தைக் கட்டுப்படுத்துமே தவிர, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஆழமாக உண்டாகும் பை போன்ற இடைவெளிகளுக்குள் எட்டாதாம்.

மிச்சத்தை வைத்துக்கொண்டு மறுபடி ரத்தம் வந்தால் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மேலே ரத்தம் நின்றுபோய் நான் வராமலே இருந்துவிடுவேன், உள்ளே எலும்பு கரைவது தெரியாது, ரத்தம் வந்தால் பாட்டிலைத் தேடாமல் இங்கே வாருங்கள் என்றார்.